நாற்பதுக்கு நாற்பது

"பாக்கேஜ் இருக்குது, ஒரு வரி அடிச்சால் போதும்,
இரண்டு நிமிசத்தில இறங்கியிடும்" என்றார் அமலதாசன்.
இறக்கினேன்.
ஓடியது. பிழை ஒன்றும் சொல்லவில்லை.
எந்தப் பெட்டியிலும் ஓடவேண்டும் என்று
எந்தப் பெட்டியையும் பாராமல்
எங்கோ கட்டி முடித்த கணக்கு,
என் பெட்டியின் பாதியை எழுப்பவேயில்லை.

வலிகாமத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு கிணறுகள்.
ஒவ்வொன்றின் உப்பும் பக்கத்துக் கிணற்று உப்போடு
சுண்ணக்கல்லுக்குள்ளால் கதைக்கிறது.
அதைத்தான் தாயமாக எழுதி வைத்திருக்கிறேன்:
நிரைக்கு ஒரு கிணறு, நிரலுக்கு ஒரு கிணறு.
(தாயம் என்றதும்
சோழி எங்கே சேர் என்று கேட்டு
வகுப்புக்கு வெளியே நின்றவள் நான்.)
ஒரு மாரியின் மழைகளை எல்லாம்
பெருக்கிப் பெருக்கி முடிக்கப் பதினொரு மணித்தியாலம்.
பதினொரு மணித்தியாலம் கரண்ட் நிற்காத நாளைத்
திருநெல்வேலியில் யார் எனக்குக் குறித்துத் தருவார்?

ஆகவே மூலத்தை இறக்கினேன்,
இங்கேயே கட்டுவது என்று.

முதல் நிபந்தனை:
வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பழக்கத்தை நிறுத்து,
பெட்டி ஒரே சீராக மூச்சு விடட்டும்.
அடுத்தது: வேறு வேலை கொடாதே.
அது தன்னை அளக்கப் போகிறது.

சனி இரவு எட்டரைக்குத் தொடங்கியது.
பதினாறுக்குப் பதினாறு. பெருக்கு, நேரம் பார்.
இருபத்து நாலுக்கு இருபத்து நாலு. பெருக்கு, நேரம் பார்.
எவ்வளவு அள்ளினால் கைக்குள் அடங்கும்,
எதிலிருந்து சிந்தத் தொடங்கும்?
தயாரித்தவன் ஒட்டிய ஸ்டிக்கரை அது நம்பவில்லை.
நான் சொன்னதையும்.

பத்தரைக்கு அமலதாசன் ரோல்ஸ் பொதியோடு வந்தார்.
ஸ்கோர் பார்க்க அந்தப் பெட்டியிலேயே குந்தினார்.
"ஒரு ஓவர்தானே, பிள்ளை."
ஒரு ஓவர்.
திரையில் நாற்பது என்ற வரி திடீரென நொண்டியது.
பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது அதற்குத் தெரியாது;
தன் கைதான் தளர்ந்தது என்று எழுதிக்கொண்டது.
அளவு பிழைத்தால் கட்டினது முழுக்கப் பிழை.
திரும்பவும் பதினாறிலிருந்து.
நான் அவரோடு கதைக்கவில்லை.
ரோல்ஸை மட்டும் சாப்பிட்டேன்.

ஒரு மணிபோல வெக்கை.
சூடேறினால் எண்கள் வழுக்கும்;
என்னைப் பார்த்திருந்த மேசை விசிறியை
அதன் பக்கம் திருப்பிவிட்டேன்.
நுளம்புகள் உடனே என்னைக் கண்டுபிடித்தன.
மின்குமிழ் ஒருக்கால் இமைத்தது.
போகவில்லை.
கால்களை மடித்துக் கதிரையில் ஏற்றிக்கொண்டு
ஒவ்வொரு வரியாகப் பார்த்திருந்தேன்:
முப்பத்திரண்டு நல்லது, முப்பத்தாறு அதைவிட,
நாற்பத்து நாலில் சிந்துகிறது.

விடியப்புறம் நாலு மணிக்கு முடிவு சொன்னது: நாற்பது.
நொண்டியது என்று எழுதிய அதே நாற்பது.
பக்கத்து மேசைப் பெட்டிக்கு ஐம்பத்தாறு வரலாம்,
கிளிநொச்சியில் இருப்பதற்கு இது ஓடாமலே விடலாம்.
அவை தங்களைத் தாங்களே அளக்கட்டும்.

காலையில் கிணறுகளை அவிழ்த்துவிட்டேன்.
மூன்று மணித்தியாலம், நாற்பது நிமிடம்.

பூசை முடிந்து வந்த அமலதாசன்
பழைய விடையையும் புதியதையும் அருகருகே வைத்தார்.
நீர்வேலி, முந்நூற்றேழாம் கிணறு.
பன்னிரண்டு தசமதானம்வரை ஒரே உப்பு.
பதின்மூன்றில் பழையது நாலு, புதியது ஒன்பது.
"என்ன பிள்ளை இது?"
கூட்டுகிற ஒழுங்கு மாறிவிட்டது என்றேன்,
துண்டு துண்டாய்க் கூட்டினால்
ஓரத்தில் உதிர்வது வேறு.
"அப்ப எது சரி?"
இரண்டும் இல்லை என்றேன்.

அவர் கொஞ்சம் நின்று யோசித்தார்.
பிறகு வெளியே போய்
ஆய்வுகூடத்துப் பைப்பைத் திறந்து
ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினார்.
"உப்புத்தான்" என்றார்.